மூத்த வித்வான்களின் கச்சேரிக்கு நேரில் போவது: எங்கே உட்காருவது, எதைக் கேட்பது?

பொருநைக்கரையான் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் அம்பாசமுத்திரம். வேலைக்காகச் சென்னை வந்தவன், வேளச்சேரியில் இருக்கிறேன். தாத்தா வீட்டில் செம்மங்குடி, மதுரை சோமு, லால்குடி என்று கேசட் ஓடிக்கொண்டே இருக்கும். அப்படிக் காதில் விழுந்ததுதான் என் கர்நாடக சங்கீதம். முறையாகக் கற்றதில்லை. பத்துப் பதினைந்து ராகம் அடையாளம் தெரியும். ஆதி தாளம் போடுவேன், ஏழு எண்ணிக்கையில் வரும் மிஸ்ர சாபு தாளம் வந்தால் கை தடுமாறும்.

போன டிசம்பர் கச்சேரி சீசனில் எண்பது வயதை நெருங்கிய ஒரு பாடகரின் கச்சேரிக்குப் போனேன். பெயர் வேண்டாம், தாத்தா அவர்மேல் உயிராக இருந்தவர். பெரிய அரங்கம், எனக்குக் கிடைத்தது பால்கனியில் கடைசிக்கு முந்தைய வரிசை. குரல் நடுங்கியது. மேல் ஷட்ஜத்தில் (மேல் ஸ்தாயி ச) நிற்க முடியவில்லை. அவர் மூச்சு வாங்குவதுகூட ஸ்பீக்கரில் பெரிதாகக் கேட்டது. எனக்கு மனசு கனத்துப் போய்விட்டது. ஆனால் பக்கத்து சீட்டில் இருந்த பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டபடி உருகிக்கொண்டிருந்தார். சும்மா மரியாதைக்காக அல்ல, அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அவருக்குக் கேட்டது என்ன, எனக்குக் கேட்காதது என்ன? இதுதான் என் கேள்வி. இந்த சீசனிலும் மூத்தவர்களைத் தேடிப் போக ஆசை. பெரிய சபாவா சின்ன அரங்கமா, காலையா மாலையா, எந்த இடத்தில் உட்காருவது, எதில் கவனம் வைப்பது என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும். அலுவலக நண்பர் ஒருவர், "பழைய ரெக்கார்டிங்கைக் கேட்டுவிட்டுப் போயேன், எதற்கு இந்தக் கஷ்டம்" என்கிறார். அதற்கும் பதில் வேண்டும்.


ஒலிநாடா எழுதியது:

உங்கள் நண்பர் பக்கம்தான் நான். மதுரையில் இருக்கிறேன், வீட்டில் ஸ்பூல் டேப்பும் கேசட்டும் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணிக்கு ரேடியோவில் நேஷனல் புரோகிராம் வரும்போது டேப் ரெக்கார்டர் முன்னால் மூச்சு விடாமல் உட்கார்ந்து பதிவு செய்த தலைமுறை. சோமு அவர்கள் 1989ல் போய்விட்டார். அவர் உச்சத்தில் இருந்தபோது பாடிய தோடி ராகம் இப்போதும் என் வீட்டில் அதே வீரியத்தோடு இருக்கிறது. அதைக் கேட்பதை விட்டுவிட்டு, ஒரு மனிதர் தளர்ந்து போன காலத்தில் மேடையில் மூச்சுக்குத் திணறுவதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று, இது சபாக்காரர்களுக்காகச் சொல்வது. இரண்டரை மணி நேரக் கச்சேரியை முப்பது வயதுக்காரருக்கும் எண்பது வயதுக்காரருக்கும் ஒரே மாதிரி ஒதுக்குகிறார்கள். முதுகுக்கு ஒரு சாய்மானம்கூட வைப்பதில்லை. மூத்தவர்களுக்கு ஒன்றேகால் மணி, ஒன்றரை மணி போதும் என்று வைத்துவிட்டுச் சன்மானத்தை முழுதாகக் கொடுங்கள். ரசிகர்களும் அதை ஏற்றுக்கொள்வார்கள். அந்த மாற்றம் வரும்வரை நான் டேப்போடு இருந்துகொள்கிறேன்.


சாரணி எழுதியது:

தம்பி, நான் பல வருஷம் மேடையில் பின்னால் உட்கார்ந்து தம்புரா போட்டவள். எங்கள் டீச்சருக்குப் பின்பாட்டும் பாடியிருக்கிறேன். டீச்சர் அறுபதைத் தாண்டியதிலிருந்து கடைசியாக மேடையை விட்டு இறங்கிய வரைக்கும் கூடவே இருந்தேன். அதனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு, முன்னால் உட்கார்ந்தவர்கள் சொல்வதைவிடக் கொஞ்சம் வேறு மாதிரி என்னால் பதில் சொல்ல முடியும்.

முதலில் குரல். வயதாக ஆக மேல் ஸ்தாயி குறுகும், மூச்சு குறையும், வேகமாக உருட்டிப் பாடும் பிர்கா வராது. இதில் மறைக்க ஒன்றுமில்லை. டீச்சர் ஐந்து கட்டைச் சுருதியில் பாடியவர். அப்புறம் நாலரை, கடைசியில் நாலு. சுருதியை இறக்குவது என்றால் தம்புராவின் நாலு தந்தியை மட்டும் இறக்கினால் தீர்ந்துவிடும் விஷயமில்லை. வயலின்காரருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும், மிருதங்கக்காரருக்குப் போன் செய்து அந்தச் சுருதிக்குச் சேர்கிற வாத்தியத்தை எடுத்துவரச் சொல்ல வேண்டும். பாட்டுப் பட்டியலையே மாற்ற வேண்டும். ஐந்தில் பாடும்போது ஜொலித்த ஒரு கீர்த்தனை நாலில் சோபிக்காமல் போகலாம். மந்தர (கீழ்) ஸ்தாயியில் அதிகம் உலவுகிற ஒரு பாட்டு நாலுக்கு வந்ததும் திடீரென்று ஆழம் கொண்டுவிடும். கச்சேரிக்கு முந்தின வாரம் முழுக்க டீச்சர் வீட்டில் இந்த வேலைதான் நடக்கும். "இது வேண்டாம், இது என்னிடம் இப்போது இல்லை" என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, மிஞ்சியதை வைத்து ஒரு கச்சேரி கட்டுவார். அந்த மிஞ்சியதுதான் அவருடைய ஐம்பது வருஷத்துச் சாரம். இதை ரெக்கார்டிங்கில் கேட்க முடியாது. ரெக்கார்டிங்கில் இருப்பது எல்லாவற்றையும் பாட முடிந்த காலத்துப் பாட்டு, அங்கே அவர் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்து, தேயாமல் இருப்பது எது என்று பாருங்கள். முக்கியமானது காலப்பிரமாணம். ஒரு பாட்டை எந்த நடையில் எடுத்தார்களோ அதே நடையில் முடிப்பது. இளைஞர்கள் நிரவல் (ஒரே வரியைப் பல விதமாக விரித்துப் பாடுவது) சூடு பிடிக்கும்போது தெரியாமலே ஓட ஆரம்பித்துவிடுவார்கள். டீச்சரோடு பாடும்போது எங்களுக்கும் ஓடும். அவர் திரும்பிப் பார்க்க மாட்டார், முகம் சுளிக்க மாட்டார். தொடையில் விழுகிற உள்ளங்கை மட்டும் சற்று அழுத்தமாக விழும். அவ்வளவுதான், பின்பாட்டு, வயலின், மிருதங்கம் எல்லாரும் சேர்ந்து பழைய இடத்துக்கு வந்துவிடுவோம். உங்கள் பக்கத்து சீட்டுப் பெரியவர் தொடையில் தாளம் போட்டபடி உருகினார் என்றீர்களே, அநேகமாக அவர் பிடித்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

அப்புறம் ராகம். வயதானவர்கள் ஆலாபனையை நாற்பது நிமிஷம் விரிக்க மாட்டார்கள். எட்டு நிமிஷம், பத்து நிமிஷம். ஆனால் ஸஹானா, பேகடா, சுருட்டி, ஆனந்தபைரவி, முகாரி மாதிரி ராகங்கள் மேலும் கீழும் ஓடி அளப்பதற்கான ராகங்கள் இல்லை. அவற்றின் உயிர் பிடிகளில், அதாவது ராகத்தைக் காட்டிக்கொடுக்கும் சின்னச் சின்னத் தொடர்களில், இருக்கிறது. ஒரு பிடியைச் சரியான கமகத்தோடு (ஸ்வர அசைவோடு) வைத்துவிட்டு நிறுத்தினால் போதும், ராகம் வந்து நின்றுவிடும். குரல் வளம் குறைந்தவர்கள் இந்த ராகங்களில் ராஜாவாக இருப்பார்கள். விளம்ப (மெதுவான) காலத்து தீட்சிதர் கிருதிகள், பதங்கள், சியாமா சாஸ்திரி ஸ்வரஜதிகள் இவையும் அப்படித்தான். நிகழ்ச்சியில் இப்படி ஒன்று வந்தால் செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டு நிமிர்ந்து உட்காருங்கள்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். சியாமா சாஸ்திரியின் பைரவி ஸ்வரஜதியில் எட்டுச் சரணம். முதல் சரணம் ஷட்ஜத்தில் (ச) தொடங்கும், அடுத்தது ரிஷபத்தில் (ரி), அப்புறம் காந்தாரம் (க), இப்படியே ஒவ்வொரு படியாக ஏறி எட்டாவது சரணம் மேல் ஷட்ஜத்தில் தொடங்கும். வயதான ஒருவர் இதை எடுத்தால், அவர் ஒவ்வொரு படியிலும் என்ன முடிவு எடுக்கிறார் என்பது கண்ணெதிரே தெரியும். டீச்சர் பஞ்சமம் (ப) வரைக்கும் தனியாகப் பாடுவார். தைவதத்தில் (த) எங்களைச் சேர்த்துக்கொள்வார். எட்டாவது சரணத்தை முழுக்க எங்களிடம் விட்டுவிட்டுத் தாளம் மட்டும் போடுவார். மேலே முடித்து நாங்கள் இறங்கி வரும்போது கீழே காத்திருந்து சேர்ந்துகொள்வார். சேர்கிற அந்த ஒரு இடத்தில் அவருடைய பைரவி நிஷாதத்துக்கும் (நி) எங்கள் நிஷாதத்துக்கும் உள்ள தூரம் எனக்கு ஒவ்வொரு தடவையும் கேட்கும். நான் இத்தனை காலம் பாடியும் அந்தத் தூரத்தைக் கடக்கவில்லை. இது மிஸ்ர சாபுதான் தம்பி. தாளம் தடுமாறினால் போடாதீர்கள், கையைக் கட்டிக்கொண்டு பாட்டின் நடையை மட்டும் கேளுங்கள், நாலு தடவை கேட்டால் தானாக வந்துவிடும்.

இப்போது இடத்தைப் பற்றி. பால்கனியில் உட்கார்ந்ததுதான் உங்களுக்கு அந்த அனுபவம் அமையக் காரணம் என்று நினைக்கிறேன். குரல் மெலிந்துவிட்டது என்று மைக் ஆசாமி வால்யூமை ஏற்றிவிடுவார். ஏற்றினால் குரல் மட்டும் ஏறாது. மூச்சு, இருமல், தொண்டையைச் செருமுவது எல்லாம் ஏறும். மந்தரத்தில் பாடுகிற நுணுக்கம் மட்டும் மிருதங்கத்தின் சத்தத்தில் அடிபட்டுப் போகும். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் மைக்கே வேண்டாம் என்று வாதாடியவர், அதன் அருமை மூத்தவர்கள் பாடும்போது நன்றாகப் புரியும். அதனால் மூத்த பாடகர்களைக் கேட்க நான் சொல்வது சின்ன அரங்கம். மயிலாப்பூர் லஸ் பக்கம் ராகசுதா மாதிரி இடங்களில் மேடைக்கும் உங்களுக்கும் நடுவில் அதிக தூரம் இருக்காது. முன்னால் மூன்றாவது நாலாவது வரிசை, வயலின் பக்கமாக உட்காருங்கள். மிருதங்கத்தின் பக்கம் உட்கார்ந்தால் மெல்லிய குரல் அமுங்கிவிடும்.

நேரத்தைப் பொறுத்தவரை எல்லாருக்கும் ஒரே மாதிரி சொல்ல முடியாது. டீச்சருக்குக் காலையில் குரல் நன்றாக இருக்கும். எழுந்து சாதகம் செய்து, வெந்நீர் குடித்து, பத்து மணிக்கெல்லாம் தொண்டை பதமாகிவிடும். மாலை ஏழு மணிக் கச்சேரி என்றால் அன்றைக்கு முழுக்கப் பேசவே மாட்டார், சைகைதான். எப்படியானாலும் முதல் அரை மணி நேரத்தை வைத்து யாரையும் எடை போடாதீர்கள். வயதான குரல் சூடாக நேரம் எடுக்கும். இரண்டாவது பாட்டு முடியும்போது கேண்டீனுக்கு எழுந்து போகிறவர்கள் உண்டு. டீச்சர் மூன்றாவது பாட்டில்தான் டீச்சராக ஆவார்.

ஏ.சி. அரங்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. குளிரில் தம்புராவின் பஞ்சமத் தந்தி நழுவும், மிருதங்கத்தின் தோல் இழுபடும். சுருதி மயிரிழை பிசகினால் டீச்சர் திரும்பாமலே இடது கைச் சுண்டுவிரலை லேசாக அசைப்பார். அது எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி. நான் தந்தியில் கோத்த சுருதி மணியைத் தள்ளிச் சரிசெய்வேன். எழுபத்தைந்து வயதில், பாடிக்கொண்டே, பின்னால் இருக்கிற தந்தியின் பிசகு அவர் காதில் விழுந்தது. குரல் போனால் சங்கீதம் போய்விட்டது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

ஒலிநாடா சார், நீங்கள் சன்மானத்தையும் நேரத்தையும் பற்றிச் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். ஒன்றரை மணி நேரம் போதும். சாய்மானம் கட்டாயம் வேண்டும். டீச்சருக்கு நாங்களே வீட்டிலிருந்து திண்டு கொண்டுபோவோம். ஆனால் டேப் போதும் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.


பசவனகுடி எழுதியது:

பெங்களூரில் இருந்து எழுதுகிறேன். மேலே சாரணி அம்மா சொன்னதற்கு ஒரு சாட்சி. பாடகர் ஆர்.கே. ஸ்ரீகண்டன் அவர்கள் 1920ல் பிறந்தவர், 2014 பிப்ரவரியில் காலமானார். தொண்ணூறு தாண்டியும் மேடையில் பாடினார். அந்தக் காலகட்டத்தில் அவரைக் கேட்கிற பாக்கியம் எனக்குக் கிடைத்தது. பக்கத்தில் மகன் ரமாகாந்த். பெரியவர் சாகித்யத்தை (பாட்டின் வரிகளை) உச்சரித்த சுத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஒரு எழுத்துகூட விழுங்கப்படவில்லை. வார்த்தையை எங்கே பிரிக்க வேண்டும், எங்கே சேர்க்க வேண்டும் என்பதில் அவ்வளவு ஒழுங்கு. சங்கதிகள் (ஒரே வரியின் பல இசை வடிவங்கள்) அடுக்கடுக்காக, ஒன்று குறையாமல், ஒன்று கூடாமல் வந்தன. பாட்டு என்பது இப்படிக் கட்டப்பட்டது என்று எனக்கு முதன்முதலாக விளங்கியது அன்றைக்குத்தான். இளைஞர் ஒருவர் குரல் ஜாலத்தோடு அதே பாட்டைப் பாடும்போது நான் குரலைத்தான் கவனிக்கிறேன். அவரிடம் அப்படிக் கவனம் சிதற வழியே இல்லை.

சென்னை சீசனோடு நிறுத்தாதீர்கள் என்பது என் பங்கு ஆலோசனை. இங்கே சாமராஜப்பேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் ராமநவமியை ஒட்டிப் பந்தல் போட்டு ஒரு மாதத்துக்கு மேல் கச்சேரி நடக்கும். ராமசேவா மண்டலி 1939ல் இருந்து நடத்துகிறது. திறந்த பந்தல், வெளியே பஸ் சத்தம் கேட்கும். அதனால் மெல்லிய குரலுக்கு அது சிறந்த இடம் என்று சொல்ல மாட்டேன். மூத்த வாத்தியக் கலைஞர்களுக்குத் தாராளமாகப் போகலாம்.


திருச்சி ரசிகர் எழுதியது:

வாய்ப்பாட்டைப் பற்றியே எல்லாரும் பேசுகிறீர்கள், நான் வாத்தியத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் ஏ.கே.சி. நடராஜன் அவர்கள், 'கிளாரினெட் எவரெஸ்ட்' என்று பெயர் வாங்கியவர். 1931ல் பிறந்தவர். 2008ல் சென்னை மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி விருது கொடுத்தபோது வயது எழுபத்தேழு. 2022ல் பத்மஸ்ரீ. ஊதுகிற வாத்தியம், அதுவும் கர்நாடக கமகத்துக்கு வளைய மாட்டேன் என்று அடம்பிடிக்கிற வாத்தியம். அதை அந்த வயதில் அவர் வளைத்து வாசித்தபோது நான் பக்கவாட்டில், மேடையை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். மூச்சு இருக்கிற அளவுக்குத்தான் வாக்கியம். மூச்சு முடிவதற்குள் ஒரு பிடி முழுமையாக முடிந்துவிடும். பாதியில் அறுந்தது என்று ஒன்றுகூடக் கிடையாது. மூச்சைக் கணக்குப் போட்டு ராகத்தை அதற்குள் வகுத்து வைத்திருந்தார்.

மிருதங்கம் தனியாக வாசிக்கிற தனி ஆவர்த்தனத்துக்கு எழுந்து போகிறவர்களைப் பார்த்தால் எனக்குத் தாங்காது. மிருதங்க வித்வான் உமையாள்புரம் சிவராமன் அவர்கள் 1935ல் பிறந்தவர், பத்து வயதில் மேடை ஏறியவர். டி.கே. மூர்த்தி அவர்கள் 1924ல் பிறந்தவர். தொண்ணூறு வயதைத் தாண்டியும் மிருதங்கத்தோடு மேடையில் உட்கார்ந்தவர். இவர்கள் பாட்டுக்கு வாசிப்பதைக் கேளுங்கள், தனியை மட்டும் அல்ல. அனுபல்லவி (பாட்டின் இரண்டாம் பகுதி) வரப்போகிறது என்றால் ஒரு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) முன்பே அவர்கள் கை அடங்கி இடம் கொடுக்கும். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் இழுக்கிற ஒரு கும்கி நாதத்தில் பாடகரின் மூச்சு விடுகிற இடைவெளியை நிரப்பிவிடுவார்கள். இத்தனை பேருக்கு வாசித்தவர்களுக்கு மட்டுமே அந்த முன்யோசனை வரும்.

திருவையாறு தியாகராஜ ஆராதனைக்கும் போய் வாருங்கள். தை மாதத்தை ஒட்டி, புஷ்ய பகுள பஞ்சமி. காவிரிக் கரைப் பந்தல், கட்டணம் இல்லை. பஞ்சமி அன்று காலை பஞ்சரத்தினம் பாடும்போது கூட்டம் முட்டும், தனி ஒருவரைக் கேட்க அது நேரமில்லை. மற்ற நாட்களில் ராத்திரி வரைக்கும் ஆளுக்குக் கால் மணி, இருபது நிமிஷம் என்று வந்து பாடிவிட்டு, வாசித்துவிட்டுப் போவார்கள். பெரிய பெயர் உள்ளவர்களும் அதே கால் மணிதான். அந்தக் கால் மணிக்குள் ஒரு மூத்தவர் எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்று பார்ப்பது பெரிய பாடம். ஒலிநாடா சார் கேட்கிற குறைந்த நேரக் கச்சேரி அங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. ராத்திரியில் பனி இறங்கும், காது மூடிக்கொள்ள ஒரு துண்டு எடுத்துப் போங்கள்.


ஒலிநாடா எழுதியது:

சாரணி அம்மா எழுதியதை இரண்டு தடவை படித்தேன். தளர்ச்சியைப் பார்க்க மனம் வராது என்ற என் நிலையில் இப்போதும் மாற்றமில்லை. ஆனால் "மிஞ்சியதை வைத்துக் கட்டுகிற கச்சேரி" என்று சொன்னீர்களே, அது டேப்பில் கிடையாது, உண்மைதான்.

வயலின் வித்வான் டி.என். கிருஷ்ணன் அவர்களைப் பற்றி ஒன்று சொல்லிக்கொள்கிறேன். 1928ல் பிறந்தவர், 2020 நவம்பரில் மறைந்தார். வயலினுக்கு வயது அவ்வளவாகத் தெரியாது. எண்பதுக்கு மேலும் வில் நடுங்காமல், நீளமாக, பட்டுப் போல வரும். டிசம்பர் 25 சாயங்காலம் அகாடமி கச்சேரியில் கடைசியாக ஜிங்கிள் பெல்ஸ் வாசிப்பார், அரங்கமே குழந்தையாகிவிடும். மூத்தவர்களைக் கேட்டுப் பழக விரும்பும் புது ரசிகர்கள் வயலினில் இருந்து தொடங்கலாம் என்பது என் அபிப்பிராயம். குரலில் வயதைக் கேட்டு வருந்துவது அங்கே இல்லை. காது பழகியபின் பாட்டுக்கு வாருங்கள்.


பொருநைக்கரையான் எழுதியது:

எல்லாருக்கும் மிகவும் நன்றி. இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. தாத்தாவின் கேசட்டில் இருந்த பைரவி ஸ்வரஜதியை நேற்று ராத்திரி எடுத்துப் போட்டேன், எட்டுப் படியையும் விரல் விட்டுப் பார்த்தேன். இதுவரை அது எனக்கு ஒரே நீளமான பாட்டாகத்தான் கேட்டிருந்தது.

இன்னும் இரண்டு சந்தேகம். டிக்கெட் எப்படி எடுப்பது? ஆன்லைனில் தேடினால் பெரிய பெயர்களுக்கு முன்வரிசை எப்போதும் போய்விடுகிறது. அடுத்தது, கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் போய் அவர்களிடம் பேசலாமா? தாத்தாவுக்காக ஒருவர் காலில் விழுந்து வணங்க வேண்டும் என்று இருக்கிறது. அது அவர்களுக்குத் தொந்தரவா?


சாரணி எழுதியது:

தாராளமாகப் போய் வணங்குங்கள் தம்பி, ஆனால் மங்களம் முடிந்த அடுத்த நொடியே மேடை ஏறாதீர்கள். இரண்டு மணி நேரம் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தவருக்குக் கால் மரத்துப் போயிருக்கும், எழுந்து நிற்கவே இரண்டு பேர் பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் ரசிகர்கள் சூழ்ந்துகொண்டு செல்ஃபி கேட்பது எங்களுக்குப் பெரிய அவஸ்தை. பத்து நிமிஷம் விட்டு, கிரீன் ரூம் வாசலில் நிற்கும் சிஷ்யர் யாரிடமாவது சொல்லுங்கள், அவர்களே கூட்டிப் போவார்கள். போனதும் "நன்றாக இருந்தது" என்று பொதுவாகச் சொல்லாமல், "அந்த ஸஹானா நன்றாக இருந்தது" என்று குறிப்பாகச் சொல்லுங்கள். தாத்தாவின் கேசட்டைப் பற்றியும் சொல்லுங்கள். டீச்சரிடம் யாராவது வந்து எந்த வருஷம் எந்த ஊரில் என்ன பாடினார் என்று சொன்னால், கார் வீட்டுக்குப் போய்ச் சேரும் வரைக்கும் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வருவார்.

டிக்கெட் விஷயம். பெரிய சபாக்களில் சீசன் டிக்கெட்காரர்கள் முன்வரிசையைப் பிடித்துவிடுவார்கள், அது மாறப்போவதில்லை. அன்றன்றைக்கான டிக்கெட்டைக் கவுண்டரில் கொடுப்பதும் உண்டு, காலையில் சீக்கிரம் போய் வரிசையில் நிற்க வேண்டும். பால்கனிதான் கிடைக்கும் என்றால் மூத்த பாடகர் கச்சேரிக்கு அந்த டிக்கெட்டை வாங்காதீர்கள், இளையவர் ஒருவருக்கு வாங்குங்கள். மூத்தவர்களைக் கேட்க வேறு வழி இருக்கிறது. அகாடமியில் சீசன் நாட்களில் காலை எட்டு மணி வாக்கில் விளக்க உரைகள் நடக்கும், அதற்கு டிக்கெட் வேண்டாம். மேடையை விட்டு ஒதுங்கிவிட்ட பெரியவர்கள்கூட அங்கே வந்து உட்காருவார்கள். பேச்சுக்கு நடுவே ஒரு பிடியைப் பாடிக் காட்டுவார்கள், முன்வரிசையில் இருந்து எழுந்து "அந்தச் சங்கதி இப்படி இல்லை" என்று திருத்துவார்கள். அந்த இரண்டு நிமிஷத்துக்காக நான் விடிகாலையில் கிளம்பிப் போன நாட்கள் உண்டு. அந்த வருஷத்துக்கு சங்கீத கலாநிதியாகத் தேர்வானவர்தான் தினமும் தலைமை வகிப்பார், கடைசியில் அவர் சொல்கிற முடிவுரையைத் தவறவிடாதீர்கள்.

சீசன் முடிந்ததும் விட்டுவிடாதீர்கள். பிப்ரவரி, மார்ச்சிலும் கோயில் உற்சவம், ஆசிரியர் நினைவு நாள், சின்ன அரங்கத்தில் மாதக் கச்சேரி என்று நடக்கும். கூட்டம் இருக்காது, பாடுகிறவருக்கும் பதற்றம் இருக்காது. டீச்சர் தன் வாழ்நாளில் பாடிய மிகச் சிறந்த முகாரி, மார்ச் மாத வெயிலில், மைக் ரிப்பேரான ஒரு கோயில் மண்டபத்தில், ஐம்பது பேருக்கும் குறைவான கூட்டத்துக்கு முன்னால் பாடியது. அதைப் பதிவு செய்ய யாருக்கும் தோன்றவில்லை.

வேளச்சேரியில் இருந்து வருவதென்றால் பறக்கும் ரயில் ஏறித் திருமயிலையில் இறங்கிவிடுங்கள், லஸ் நடக்கிற தூரம்தான். கச்சேரிகள் பட்டியல் டிசம்பர் தொடக்கத்தில் வந்துவிடும். யார் யாரைக் குறித்து வைத்திருக்கிறீர்கள் என்று இங்கே எழுதுங்கள், எந்த அரங்கத்தில் எந்தப் பக்கம் உட்காரலாம் என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.